சாதனை ஏட்டில் எழுதுவது யார்? பேஸ்பால் வரலாற்றில் சில எண்களின் கதை

பொது அறிவுப் புதிர்ப்போட்டிக்குக் கேள்வி தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு முதலில் ஓர் எச்சரிக்கை. "அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் மிக அதிக வாழ்நாள் பேட்டிங் சராசரி வைத்திருப்பவர் யார்?" என்ற கேள்வி உங்கள் பழைய வினாத் தொகுப்பில் இருந்தால், பக்கத்தில் இருக்கும் விடையை அடித்துவிடுங்கள். அங்கே டை காப் என்று இருக்கும். பல பத்தாண்டுகளுக்கு அதுதான் சரியான விடை. 2024 மே மாதக் கடைசியில் அந்த விடை தவறாகிவிட்டது. இப்போது எழுத வேண்டிய பெயர் ஜோஷ் கிப்சன்.

இதில் வேடிக்கை என்னன்னா, டை காப் 1961இல் இறந்தவர். கிப்சன் அதற்கும் முன்னாலேயே, 1947இல் போய்விட்டார். இருவரும் மட்டையைக் கீழே வைத்து எத்தனையோ காலம் ஆகிறது. ஒரு பந்துகூட வீசப்படாமல், ஒரு சாதனை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியிருக்கிறது. எப்படி மாறியது என்று கேட்கும் மாணவர், விளையாட்டுக் கேள்வியை விட்டுவிட்டு வரலாற்றுக் கேள்விக்குள் நுழைந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. பேஸ்பாலைத் தமிழில் அடிபந்தாட்டம் என்றும் எழுதுகிறார்கள். பள்ளித் திடலில் சாஃப்ட்பால் பார்த்தவர்களுக்குப் பாதி ஆட்டம் ஏற்கெனவே புரிந்திருக்கும். பந்தை அடித்துவிட்டு நான்கு தளங்களையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். பந்து வேலியைத் தாண்டிப் போனால் ஹோம் ரன். பேட்டிங் சராசரியைக் கிரிக்கெட் சராசரியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே கணக்கு வேறு. பத்து முறை மட்டை பிடித்து, அதில் மூன்று முறை சரியாக அடித்துத் தளத்தைச் சேர்ந்தால் சராசரி 0.300. பத்தில் ஏழு முறை தோற்பவர்தான் அங்கே நல்ல ஆட்டக்காரர்! டை காப்பின் வாழ்நாள் சராசரி 0.367.

அந்த டை காப்பின் கணக்கிலேயே ஒரு பிழை இருந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

1910ஆம் ஆண்டு. சராசரியில் முதலிடம் பிடிப்பவருக்கு ஒரு கார் பரிசு என்று சால்மர்ஸ் கார் நிறுவனம் அறிவித்தது. டெட்ராய்ட் அணியின் காப்புக்கும் கிளீவ்லாந்து அணியின் நாப் லாஜோய்க்கும் கடும் போட்டி. காப் மகா கெட்டிக்காரர். ஆனா கூட விளையாடியவர்கள் பலருக்கே அவரைப் பிடிக்காது. முன்னிலையில் இருந்ததால் கடைசி ஆட்டங்களில் அவர் இறங்கவே இல்லை. அக்டோபர் 9, பருவத்தின் கடைசி நாள். லாஜோய் செயிண்ட் லூயிஸ் அணிக்கு எதிராக ஒரே நாளில் இரண்டு ஆட்டம் ஆட வேண்டும். செயிண்ட் லூயிஸ் மேலாளர் என்ன செய்தார் தெரியுமா? தம் மூன்றாம் தளக் காவலரை ரொம்பப் பின்னால் தள்ளி நிற்கச் சொன்னார். லாஜோய் பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடினார். மறுபடியும் தட்டினார், ஓடினார். அன்று மட்டும் எட்டு ஹிட், பெரும்பாலும் இப்படியே வந்தவை. காப் தோற்க வேண்டும் என்பதற்காகவே செய்த வேலை என்று எல்லாருக்கும் புரிந்தது. மேலாளருக்கு வேலை போனது. லீக் தலைவர் பான் ஜான்சன் விசாரித்து, காப் 0.385, லாஜோய் 0.384, காப்பே வென்றார் என்று அறிவித்தார். கார் நிறுவனம் வம்பு வேண்டாம் என்று இருவருக்கும் ஆளுக்கொரு கார் கொடுத்துவிட்டது.

எழுபது ஆண்டுகள் கழித்து, பீட் பால்மர் என்ற புள்ளிவிவர ஆய்வாளர் பழைய கையெழுத்துக் கணக்கேடுகளை வரிவரியாகப் பார்த்தபோது ஒன்றைக் கண்டுபிடித்தார். 1910இல் டெட்ராய்ட் ஆடிய ஓர் ஆட்டத்தின் கணக்கு காப்பின் பக்கத்தில் இரண்டு தடவை ஏறியிருந்தது. மூன்று முறை மட்டை பிடித்து இரண்டு ஹிட் என்ற ஒரே வரி, இரண்டு முறை. அதை எடுத்துவிட்டால் அந்த ஆண்டின் முதலிடம் லாஜோய்க்குப் போகிறது. 1981இல் செய்தி வெளியானது. ஆனால் அப்போது பேஸ்பால் ஆணையராக இருந்த போவி கூன் மாற்ற மறுத்துவிட்டார். வருகைப் பதிவேட்டில் ஒரு மாணவனுக்கு ஒரே நாளை இரண்டு தடவை போட்டுவிட்டுப் பிறகு கூட்டிப் பார்த்து முழிக்கும் அனுபவம் ஆசிரியர்களுக்குத் தெரியாததில்லை. நாம் திருத்திக் கையெழுத்துப் போடுவோம். அவர்கள் போடவில்லை.

அதன் விளைவு 1985இல் தெரிந்தது. காப்பின் மொத்த ஹிட் 4,191 என்று ஏட்டில் இருந்ததால், பீட் ரோஸ் 4,192ஆவது ஹிட்டை அடித்த செப்டம்பர் 11ஆம் தேதி, சின்சினாட்டியில் பெரிய விழா எடுத்தார்கள். திருத்திய கணக்குப்படி காப்பின் எண்ணிக்கை 4,189. ரோஸ் அதை மூன்று நாள் முன்னாலேயே, சிகாகோவில், விழா எதுவும் இல்லாமல் தாண்டிவிட்டிருந்தார்.

இது எழுத்தர் பிழை. அடுத்து வருவது அப்படியல்ல, வேண்டுமென்றே போட்ட கோடு.

பேப் ரூத் 1927இல் ஒரே பருவத்தில் 60 ஹோம் ரன் அடித்தார். அந்த எண் எவ்வளவு பெரியது என்பதற்கு ஓர் ஒப்பீடு. அதே ஆண்டு அதே லீக்கில் ரூத்தின் யாங்கீஸ் அணியை விட்டுவிட்டுப் பார்த்தால், ஹோம் ரன்னில் அடுத்த இடத்தில் இருந்த பிலடெல்பியா அணியின் அத்தனை ஆட்டக்காரர்களும் சேர்ந்து அடித்ததே 56தான். தனி ஒருவர் ஓர் அணியையே மிஞ்சினார். அதனால் அந்த 60 அமெரிக்கர்களுக்குக் கோயில் மணி மாதிரி ஆகிவிட்டது. யாரும் தொடக்கூடாது.

1961இல் அதே யாங்கீஸ் அணியின் ரோஜர் மாரிஸ் தொட வந்தார். அதிகம் பேசாத மனிதர். ரசிகர்களுக்குப் பிரியமான மிக்கி மேன்டில் அந்தச் சாதனையை முறியடித்தால்கூடப் பரவாயில்லை, மாரிஸ் வேண்டாம் என்று நியூயார்க் நினைத்தது. அந்த ஆண்டு லீக்கில் அணிகள் கூடியதால் பருவம் 154 ஆட்டங்களிலிருந்து 162 ஆக நீண்டிருந்தது. ஜூலை மாதம் ஆணையர் ஃபோர்ட் ஃப்ரிக் ஓர் உத்தரவு போட்டார்: 154 ஆட்டங்களுக்குள் ரூத்தை முந்தாவிட்டால், அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வேறுபாட்டைக் காட்டும் ஒரு குறி இருக்க வேண்டும். இந்த ஃப்ரிக் ஆணையராவதற்கு முன் பத்திரிகையாளர். ரூத்தின் பெயரில் கட்டுரை எழுதிக் கொடுத்தவர், அவருடைய நண்பர். நடுவர் ஒரு கட்சிக்காரரின் பழைய எழுத்தர் என்றால் தீர்ப்பை நாம் எப்படிப் படிப்போம்?

154 ஆட்டம் முடிந்தபோது மாரிஸ் 59இல் நின்றார். நெருக்கடியில் அவருடைய தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. அக்டோபர் 1, பருவத்தின் கடைசி ஆட்டத்தில் 61ஐ அடித்தார். அறுபதாயிரம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய யாங்கீ அரங்கில் அன்று வந்திருந்தவர்கள் சுமார் 23,000 பேர்தான். "குறி" போட்ட சாதனையைப் பார்க்க யார் வருவார்?

மாரிஸின் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக்குறி இருந்தது என்று பல புத்தகங்களில் எழுதியிருக்கும். உண்மையில் நட்சத்திரம் எதுவும் அச்சாகவில்லை. இரண்டு சாதனைகளையும் தனித்தனி வரியில் போட்டார்கள், அவ்வளவுதான். ஆனாலும் இல்லாத அந்த நட்சத்திரம் மாரிஸை விடவில்லை. அவர் 1985இல், 51 வயதில் இறந்தார். 1991இல் அந்தப் பிரிவினையை நீக்கிவிட்டார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை.

நட்சத்திரக்குறி நிஜமாகவே பொறிக்கப்பட்ட ஒரு பொருள் இருக்கிறது. 2007இல் பேரி பாண்ட்ஸ் வாழ்நாள் ஹோம் ரன் எண்ணிக்கையில் 756ஐத் தொட்டு முதலிடம் பெற்றார். ஊக்கமருந்துச் சர்ச்சையில் அவர் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்த நேரம். அந்தப் பந்தை ஏலத்தில் ஏழரை லட்சம் டாலருக்கு வாங்கிய ஆடை வடிவமைப்பாளர் மார்க் எக்கோ, இதை என்ன செய்யலாம் என்று மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார். நட்சத்திரக்குறியைப் பொறித்துப் புகழ்க்கூடத்துக்கு அனுப்புங்கள் என்று மக்கள் சொன்னார்கள். கூப்பர்ஸ்டவுன் நகரில் உள்ள புகழ்க்கூடத்துக்கு அப்படியே போய்ச் சேர்ந்தது.

இந்த மாதிரி வேலி போடுவது அமெரிக்கர்களின் தனிக்குணம் என்று நினைத்துவிடாதீர்கள். ஜப்பானில் சடஹாரு ஓ என்பவர் 868 ஹோம் ரன் அடித்தவர். உலகத் தொழில்முறை பேஸ்பாலில் வேறு யாரும் அந்த எண்ணை நெருங்கவில்லை. தந்தை சீனர் என்பதால் ஜப்பானியக் குடியுரிமை இல்லாத ஓ, பள்ளிப் பருவத்தில் தேசிய விளையாட்டு விழாவில் ஆட அனுமதிக்கப்படவில்லை. அந்த அவமானத்தை அனுபவித்தவர் 1964இல் ஒரே பருவத்தில் 55 அடித்துச் சாதனை படைத்தார். 1985இல் அமெரிக்கரான ராண்டி பாஸ் 54 வரை வந்துவிட்டார். கடைசியாக அவர் சந்தித்த அணி டோக்கியோவின் யோமியூரி ஜயன்ட்ஸ். அதன் மேலாளர் யார் என்றால், ஓ. வீச்சாளர்கள் பாஸுக்கு அடிக்கத் தோதாகப் பந்தே போடவில்லை. எட்டாத தூரத்தில் வீசி அவரைச் சும்மா முதல் தளத்துக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். 55 பிழைத்தது. 2013இல்தான் விளாடிமிர் பாலென்டியன் 60 அடித்து அதை உடைத்தார். வெளியே நிறுத்தப்பட்டவரின் சாதனைக்கே பிறகு காவல் நின்றிருக்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

இனி ஹாங்க் ஆரோன். ரூத்தின் வாழ்நாள் எண்ணிக்கை 714. அலபாமா மாநிலத்தின் மொபீல் நகரில் பிறந்த கறுப்பினத்தவரான ஆரோன், 1973 பருவம் முடிந்தபோது 713இல் இருந்தார். இன்னும் இரண்டு அடித்தால் போதும். ஆட்டம் இல்லாத அந்தக் குளிர்காலம் முழுவதும் காத்திருக்க வேண்டும்.

அந்த ஓராண்டில் அவருக்கு வந்த கடிதங்கள் ஒன்பது லட்சத்துக்கும் அதிகம். பாராட்டும் நிறைய இருந்தது, குறிப்பாக மிரட்டல் விஷயம் வெளியே தெரிந்த பிறகு. ஆனால் முதலில் வந்தவற்றில் பல, ஒரு வெள்ளையரின் சாதனையைத் தொட்டால் உயிரோடு இருக்க மாட்டாய் என்ற ரகம். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகளைக் கடத்துவோம் என்றும் மிரட்டல் வந்தது. அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறை இறங்க வேண்டியதாயிற்று. 1974 ஏப்ரல் 8, அட்லாண்டாவில் 715ஐ அடித்துவிட்டு அவர் தளங்களைச் சுற்றி ஓடும்போது, இரண்டு வெள்ளை இளைஞர்கள் வேலி தாண்டிக் குதித்து அவர் பக்கத்தில் ஓடி வந்தார்கள். வாழ்த்தத்தான் வந்தார்கள். ஆனால் அரங்கில் இருந்த மெய்க்காப்பாளருக்கு அது எப்படித் தெரியும்? அவரிடம் துப்பாக்கி இருந்தது. ஒரு நொடி யோசித்து, எடுக்காமல் விட்டார். ஆரோன் கடைசித் தளத்தை மிதித்ததும் அவருடைய தாய் ஓடிவந்து மகனை இறுகக் கட்டிக்கொண்டார். அந்தப் பழைய காணொளியை வகுப்பில் போட்டுக் காட்டும் ஆசிரியர்கள், முதலில் கடிதங்களைப் பற்றிச் சொல்லிவிட்டுப் பிறகு காட்டுங்கள். அந்த அணைப்பைப் பிள்ளைகள் வேறு மாதிரி பார்ப்பார்கள். பேஸ்பால் ஆணையர் கூன் அன்று அரங்குக்கு வரவில்லை. ஆமாம், காப்பின் கணக்கைப் பின்னாளில் திருத்த மறுத்த அதே கூன்.

ஆரோன் தம் தொழில் வாழ்வைத் தொடங்கியது 1952இல், இண்டியானாபொலிஸ் கிளவுன்ஸ் என்ற கறுப்பின அணியில். வாஷிங்டனில் ஓர் உணவகத்தில் அணியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சமையல் கட்டில் தட்டுகள் உடைபடும் சத்தம் கேட்டதை அவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். கறுப்பர்கள் சாப்பிட்ட தட்டில் இன்னொருவர் சாப்பிடக்கூடாது என்று, கழுவாமலே உடைத்திருக்கிறார்கள்.

அந்தச் சத்தத்திலிருந்துதான் கிப்சனின் கதைக்குப் போக வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்து மேஜர் லீக்கில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. எங்கேயும் எழுதி வைத்த சட்டம் இல்லை. அணி உரிமையாளர்களுக்குள் ஒரு வாய்மொழி ஒப்பந்தம். தேர்வு எழுதும் மாணவர்கள் இதைக் கவனியுங்கள்: ஆவணம் இல்லை என்பதால் தடையே இல்லை என்று ஆகிவிடாது. 1920 பிப்ரவரியில் ரூப் ஃபாஸ்டர் என்பவர் கான்சஸ் சிட்டியில் மற்ற அணி உரிமையாளர்களைக் கூட்டி நீக்ரோ நேஷனல் லீக்கைத் தொடங்கினார். ("நீக்ரோ" என்பது அன்றைய அமைப்பின் பெயர் என்பதால் இங்கே அப்படியே எழுதுகிறேன். இன்று மனிதர்களைக் குறிக்க அந்தச் சொல்லைப் பயன்படுத்தக்கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.)

ஜோஷ் கிப்சன் 1911இல் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தவர். தந்தைக்கு எஃகு ஆலையில் வேலை கிடைத்ததால் குடும்பம் பிட்ஸ்பர்க் வந்தது. ஹோம்ஸ்டெட் கிரேஸ், பிட்ஸ்பர்க் குராஃபோர்ட்ஸ் அணிகளில் ஆடினார். மட்டையாளருக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்து பந்து பிடிக்கும் கேட்சர் அவர். முழங்கால் தேயும் அந்த வேலையைச் செய்துகொண்டே இப்படி அடித்தவர்கள் அபூர்வம். 1943 தொடக்கத்தில் மயங்கி விழுந்தார். மூளையில் கட்டி இருப்பது தெரியவந்தது. அதே ஆண்டில் அவர் எடுத்த சராசரி 0.466. இன்று அதுதான் ஒரு பருவத்துக்கான மேஜர் லீக் உச்சம்.

1947 ஜனவரி 20ஆம் தேதி கிப்சன் இறந்தார். வயது 35. ஏப்ரல் 15ஆம் தேதி ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் சட்டையோடு களமிறங்கி அந்த வாய்மொழி ஒப்பந்தத்தை உடைத்தார். இடையில் மூன்று மாதம்கூட இல்லை. கிப்சன் புதைக்கப்பட்ட இடத்தில் 1975 வரை பெயர்க்கல்லும் இல்லை.

அவருக்காக எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு குரல் வந்தது. 1941இல் 0.406 எடுத்த டெட் வில்லியம்ஸ், 1966இல் புகழ்க்கூடத்தில் சேர்க்கப்பட்டபோது தம் ஏற்புரையில், வாய்ப்பே கொடுக்கப்படாததால் வெளியே நிற்கும் சாட்சல் பேஜ், ஜோஷ் கிப்சன் போன்றவர்களும் ஒருநாள் உள்ளே வர வேண்டும் என்று பேசினார். அந்த மேடையில் யாரும் எதிர்பார்க்காத பேச்சு. 1971இல் பேஜும் 1972இல் கிப்சனும் சேர்க்கப்பட்டார்கள். ஆனால் எண்கள் மட்டும் இன்னும் வெளியே நின்றன. மேஜர் லீக் ஏட்டைப் பொறுத்தவரை கிப்சன் ஒரு பந்துகூட அடித்ததில்லை.

2020 டிசம்பரில்தான், 1920 முதல் 1948 வரை நடந்த ஏழு நீக்ரோ லீக்குகளும் மேஜர் லீக் தரம் கொண்டவையே என்று அறிவித்தார்கள். அதன்பின் வரலாற்றாசிரியர் ஜான் தோர்ன் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து கணக்கெடுத்தது. 2024இல் 2,300க்கும் மேற்பட்ட வீரர்களின் எண்கள் ஏட்டில் சேர்ந்தன. கிப்சனுக்கு 0.372. காப் இரண்டாமிடம். வில்லி மேஸ், பதினேழு வயதில் பர்மிங்ஹாம் அணிக்காக 1948இல் அடித்த 10 ஹிட் அவர் கணக்கில் ஏறின. செய்தி வந்த அடுத்த மாதம், 93 வயதில் அவர் காலமானார்.

எதிர்ப்பு வராமல் இல்லை. நீக்ரோ லீக் பருவங்களில் லீக் ஆட்டங்கள் குறைவு, 154 ஆட்டம் ஆடியவரோடு எப்படி ஒப்பிடுவது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான், மாரிஸ் விஷயத்தில் ஃப்ரிக் கேட்டதும் கிட்டத்தட்ட இதுதான். ஆனால் கோவிட் காலத்தில் 2020 பருவம் அணிக்கு 60 ஆட்டங்களோடு முடிந்தது. அந்தப் பருவத்தின் முதலிடங்களை எந்தக் குறியும் இல்லாமல் ஏட்டில் ஏற்றியிருக்கிறார்கள். 60 ஆட்டம் அவர்களுக்குப் போதும் என்றால் கிப்சனுக்கும் போதும் என்பது என் கட்சி. தவிர, ஆட்டங்கள் குறைந்தது கிப்சனின் குற்றமா? லீக் ஆட்டத்தில் வருமானம் போதாமல், ஊர் ஊராகப் பேருந்தில் போய்க் காட்சி ஆட்டம் ஆடி வயிறு வளர்த்தவர்கள் அவர்கள். ரூத்தின் 60 ஹோம் ரன்னிலும் ஒன்றுகூடச் சாட்சல் பேஜ் போன்ற ஒரு கறுப்பின வீச்சாளரைச் சந்தித்து அடித்ததல்ல. அதற்கு யாரும் குறி போடச் சொல்லவில்லை.

குழு ஒரு விஷயத்தில் கறாராக இருந்தது எனக்குப் பிடித்திருக்கிறது. புகழ்க்கூடத்தில் கிப்சனின் பலகை, அவர் ஏறத்தாழ 800 ஹோம் ரன் அடித்ததாகச் சொல்கிறது. ஏட்டில் இப்போது ஏறியிருப்பது 200க்கும் கீழே. காட்சி ஆட்டங்களை எண்ணவில்லை. வாய்வழிக் கதைகளையும் எண்ணவில்லை. ஆட்டம் நடந்த சமயத்தில் பத்திரிகையில் அச்சான புள்ளிப்பட்டியல் இருந்தால் மட்டுமே கணக்கு. வெள்ளையர் நடத்திய பத்திரிகைகள் இந்த ஆட்டங்களைப் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. பிட்ஸ்பர்க் கூரியர், சிகாகோ டிஃபெண்டர், பால்டிமோர் ஆஃப்ரோ அமெரிக்கன் போன்ற கறுப்பினப் பத்திரிகைகள் வாராவாரம் போட்ட சின்னச் சின்னக் கட்டங்கள்தான் இன்று முதல்நிலைச் சான்று.

இதுவரை கிடைத்திருப்பது அந்தக் கால ஆட்டங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு. மிச்சத்தை நூலகங்களின் நுண்படச் சுருள்களில் இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தொலைந்துபோன ஓர் ஆட்டத்தின் கட்டம் கிடைத்தால் 0.372 ஏறலாம், இறங்கவும் செய்யலாம். ஆகவே வினாத்தாளை அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்த எண்ணை ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள்.